கருங்கரை இறக்கை

நான் சொல்லப்போவதை நானே முழுசாக நம்பவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் நிறுத்தி, "இது உண்மையிலேயே நடந்ததா?" என்று என்னைக் கேட்காதீர்கள். அதைச் சொல்ல வேண்டியவன் உள்ளே படுத்திருக்கிறான். கண்ணில் ஆபரேஷன். பெயர் வைரவன், என் மனைவியின் தம்பி.

உங்களுக்கும் சொட்டு மருந்து விட்டாயிற்றா? அப்படியானால் சரி. இன்னும் ஒரு மணி நேரத்துக்குப் பேப்பரும் படிக்க முடியாது, போனும் பார்க்க முடியாது. என்னைத்தான் கேட்டாக வேண்டும். எனக்கும் விட்டிருக்கிறார்கள். நான் நோயாளி இல்லை, துணைக்கு வந்தவன். "வந்ததுதான் வந்திய, நீங்களும் காட்டிருங்க" என்று என் மனைவி எனக்கும் ஒரு டோக்கன் வாங்கிவிட்டாள். இப்போது உங்கள் முகம் எனக்கு ஆவி பறக்கிற இட்லி மாதிரி தெரிகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு காலத்தில் இதே கண்ணால் பூச்சியின் காலில் இருக்கிற மயிரை எண்ணியிருக்கிறேன். வேறெதையும் பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரியாது என்பது எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது.

கல்லூரியில் விலங்கியல் வாத்தியார் நான். பாளையங்கோட்டையில். பாலைவனத்துக் குளவிகள்தான் என் துறை. கொட்டுகிற குளவி என்று நினைக்காதீர்கள். கடுகில் பாதி இருக்கும். சட்டையில் வந்து உட்கார்ந்தால் தூசி என்று தட்டிவிடுவீர்கள். தட்டிவிட்டதில் ஒன்றும் நஷ்டமில்லை, உலகத்தில் அதைத் தேடுகிறவர்கள் மொத்தமே ஒரு வேன் கொள்கிற அளவு ஆட்கள்தான். அதிலும் நான் கடைசி சீட்டு.

சிரிக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. பாலைவனத்தை நான் பார்த்ததே கிடையாது. எங்கள் ஊர்ப் பக்கம் சிவப்பு மணல் தேரி இருக்கிறது, அங்கே போய் நின்று கற்பனை செய்துகொள்வேன். என் மனைவி பேச்சியம்மாள், யாராவது வந்து "சாருக்கு என்ன ஆராய்ச்சி?" என்று கேட்டால், "எறும்புக்கு ஜாதகம் எழுதுதாக" என்பாள். அது எறும்பு இல்லை, குளவி என்று நான் திருத்துவேன். ஜாதகம் என்றதைத் திருத்தியதில்லை, ஏனென்றால் அது ஓரளவு சரி.

எப்படி எழுதுவது என்கிறீர்களா? கண்ணாடிச் சில்லில் பூச்சியை ஒட்ட வேண்டும். மைக்ரோஸ்கோப்பில் முதலில் உணர்கொம்பைப் பார்க்க வேண்டும். எத்தனை கணு, கடைசிக் கணு ஒல்லியா, உருண்டையா. அப்புறம் இறக்கை. நரம்பு எங்கே கிளம்பி எங்கே முடிகிறது, ஓரத்தில் மயிர் வரிசை இருக்கிறதா, இருந்தால் நீளமா, குட்டையா. அப்புறம் பின்னங்கால். இந்த மூன்றையும் சரியாகப் பார்த்தால் பூச்சி தன் பெயரைத் தானே சொல்லிவிடும். என் மாணவர்களுக்கு வருஷா வருஷம் இதைச் சொல்வேன். பூச்சி பொய் சொல்லாது, பார்க்கிறவன்தான் தப்பாகக் கேட்பான் என்றும் சொல்வேன். நன்றாகத்தான் சொல்லியிருக்கிறேன், இல்லையா?

வைரவனுக்கு சவூதிக்கு வேலை கிடைத்தபோது வீட்டில் எல்லோரும் ஒவ்வொன்று கேட்டார்கள். சென்ட், போர்வை, டார்ச் லைட். நான் பூச்சி கேட்டேன். ஸ்பிரிட் ஊற்றிய சின்னச் சின்ன பாட்டில்களும் இரண்டு தூரிகையும் கொடுத்தனுப்பினேன். ஸ்பிரிட்டை விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அதனால் அவன் பூச்சிகளைத் தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, அதற்குள் வைத்து அனுப்புவான். லீவில் ஊருக்கு வருகிற யாராவது கொண்டுவந்து தருவார்கள்.

அவனுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேச்சியம்மாள் சொல்லுகிற மாதிரிதான் சொல்வேன். சூப்பர்வைசர். எண்ணெய்க் குழாய் பதிக்கிற கம்பெனி. ஏசி ரூம். அவனுக்குக் கீழே இருபது பேர். அந்த இருபது பேரை அவள் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லியிருக்கிறாள். தகப்பனார் இல்லாமல் இவள் தூக்கி வளர்த்த தம்பி. அவன் இருபது பேருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறான் என்பது அவளுக்குக் கழுத்தில் போட்டுக்கொள்கிற நகை மாதிரி.

தீப்பெட்டி விஷயத்தில் எனக்கு அவன் மேல் கோபம் உண்டு. எத்தனை தடவை சொல்லியிருப்பேன், பிளாஸ்டிக் டப்பாவில் அனுப்பு என்று. அனுப்ப மாட்டான். எப்போதும் தீப்பெட்டிதான், எப்போதும் காலித் தீப்பெட்டி. இரண்டு பக்கமும் உரசி உரசி மருந்து போய் வெறும் அட்டையாக இருக்கும். பீடி சிகரெட் பழக்கமும் கிடையாது அவனுக்கு. எங்கிருந்துதான் இத்தனை தீப்பெட்டி பொறுக்குகிறானோ, ஏசி ரூம்காரனுக்கு ஒரு நல்ல டப்பா கிடைக்காதா என்று சலித்துக்கொண்டே திறப்பேன். உள்ளே இருக்கிற தூசியில் பூச்சியைத் தேடி எடுத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடுவேன்.

போனில் பேசுவான். மாதத்துக்கு ஒரு தடவை. அக்காவிடம் இரண்டு நிமிஷம், மிச்ச நேரமெல்லாம் என்னிடம்தான். பூச்சியைப் பற்றி அவ்வளவு பேச யாருக்குத்தான் ஆசை வரும் என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

"அத்தான், நேத்து ஒருத்தன் வந்தான். தாடி வச்சிருந்தான்."

"யாருல, அரபியா?"

"இல்ல அத்தான், பூச்சி. வந்து என் கையிலயே உக்காந்தான். கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போனான்."

"பூச்சிய அவன் இவன்னு சொல்லாத வைரவா. அது இதுன்னு சொல்லு. தாடின்னும் சொல்லாத. தலையில எந்தப் பக்கம் மயிர் இருந்துச்சு?"

"கவனிக்கல அத்தான். இன்னைக்கும் வந்தான்னா பாத்துச் சொல்லுதேன்."

இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குப் புரிகிறதல்லவா?

எப்படிப் பிடிக்கிறாய் என்று கேட்டேன். கட்டுரையில் எழுத வேண்டும், அது முறை. "வெள்ளிக்கெழம லீவு அத்தான். கம்பெனி யார்டுல பெரிய லைட்டு இருக்கு, கிரிக்கெட் கிரவுண்டுல போடுவாம்லா, அந்த மாதிரி. அதுக்குக் கீழ வெள்ளை வேட்டிய விரிச்சிருவேன். பசங்க இருபது பேரும் சுத்தி நின்னு பொறுக்கித் தருவானுவ" என்றான். எனக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடித்திருந்தது. என் ஆராய்ச்சிக்காக அரேபியாவில் இருபது பேர் குனிந்து நிற்கிறார்கள். இங்கே என் சொந்த மாணவர்கள் இரண்டு பேரைக் குனிய வைக்க முடியவில்லை. அப்படியே எழுதினேன்: சக்திவாய்ந்த மின்விளக்குகளின் கீழ் சேகரிக்கப்பட்டது.

அப்புறம் ஒரு தீப்பெட்டி வந்தது. அதில் மூன்று குளவிகள், மூன்றும் ஒரே மாதிரி.

சார், அந்த நாளை என்னால் மறக்க முடியாது. மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறேன், இறக்கை குட்டை. இருக்க வேண்டியதில் முக்கால்தான் இருக்கிறது. ஓரத்தில் மயிர் வரிசையே இல்லை. அதற்குப் பதில் கறுப்பாக ஒரு கரை, வேட்டியில் கரை ஓடுகிற மாதிரி. உணர்கொம்பிலும் கடைசி இரண்டு கணு இல்லை, நுனி உருண்டு கதாயுதம் மாதிரி முடிகிறது. இப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை. சந்தோஷத்தில் துள்ளி எழுந்ததில் கண்ணாடிச் சில்லு ஒன்றை உடைத்தேவிட்டேன்.

உடனே ஒரு கொள்கையும் வந்துவிட்டது. பாலைவனத்தில் காற்று அதிகம், நீள இறக்கை இருந்தால் அடித்துக்கொண்டு போய்விடும், அதனால் இறக்கை குறுகியிருக்கிறது. ஈரம் காயாமல் இருக்க ஓரம் தடித்துக் கறுத்திருக்கிறது. கொம்பு நுனி உருண்டதற்கும் ஏதோ காரணம் எழுதினேன், இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாலைவனத்தைக் கண்ணால் பார்க்காதவன் பாலைவனத்தின் நியாயங்களையெல்லாம் எழுதினேன்.

புது இனம். பெயர் வைக்கிற உரிமை எனக்கு. பேச்சியம்மாள் ஒரு வாரம் சோற்றில் நெய் கூடுதலாக ஊற்றினாள். வைரவன் பெயரையே வைத்தேன். வைரவனி. லத்தீன் வாலோடு அச்சில் வந்தது. அந்தப் பக்கத்தை அவள் கண்ணாடிச் சட்டம் போட்டு, மாமனார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். வருகிறவர்கள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "யார் வீட்டுக் கிரகப்பிரவேசம்?" என்று கேட்பார்கள். என் தம்பி பேரு வெளிநாட்டுப் புஸ்தகத்துல இருக்கு என்று அவள் ஆரம்பிப்பாள். இருபது பேரில் வந்து முடியும்.

போனில் அவனிடம் சொன்னேன். பேரை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னான். அப்புறம், "அத்தான், அதுக்கு என் பேரா? வேண்டாம் அத்தான், வேற யார் பேராவது வைங்க" என்றான். அடக்கம் என்று நினைத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து ஐரோப்பாவில் ஒரு அருங்காட்சியகத்திலிருந்து மார்த்தா என்று ஒரு அம்மாள் அந்தப் பூச்சிகளைப் பார்க்கக் கேட்டாள். உடையாமல் மிச்சம் இருந்த இரண்டையும் அனுப்பிவைத்தேன். என் புகழ் கடல் தாண்டிவிட்டது என்று ஸ்டாப் ரூமில் எல்லோருக்கும் காராசேவு வாங்கிக் கொடுத்தேன். அந்த அம்மாளின் பதில் ரொம்ப மரியாதையாக இருந்தது. அன்புள்ள நண்பரே, கறுப்புக் கரையை நான் உயர்ந்த மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன், அது கரி. இறக்கை நரம்புகள் வளர்ந்து முடியவில்லை, பாதியில் அறுந்து நிற்கின்றன. கொம்பின் நுனி உருகி உருண்டிருக்கிறது. இந்தக் குளவிகள் நெருப்பில் பட்டவை. மற்றபடி இது நூறு வருஷமாக எல்லோருக்கும் தெரிந்த சாதாரண இனம். வெயில் அங்கே எப்படி இருக்கிறது?

வெயில் நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் துறையில் ஒரு விதி உண்டு. ஒரு தடவை அச்சில் ஏறிய பெயரை யாராலும் அழிக்க முடியாது. செல்லாது என்று எழுதி, சரியான பெயருக்குக் கீழே அதையும் போட்டு வைப்பார்கள். உலகம் இருக்கும்வரை எவனாவது அந்தக் குளவியைத் தேடினால், கீழே என் மச்சினன் பெயர் செல்லாத நோட்டு மாதிரி கிடக்கும். பக்கத்தில் என் பெயரும்.

கல்லூரி சும்மா இருக்குமா? கெமிஸ்ட்ரி கோமதிநாயகம், பார்த்தால் பரம சாது, "சார், உங்க பூச்சி தந்தூரியாமே?" என்றார். பையன்கள் எனக்குத் தீஞ்சான் என்று பெயர் வைத்தார்கள். அது இன்னும் இருக்கிறது. சீனியர் ஜூனியருக்குச் சொல்லிக்கொடுத்து, இந்த வருஷம் சேர்ந்தவனுக்குக் கூடத் தெரியும். ஏன் என்றுதான் தெரியாது.

வைரவனைப் போனில் பிடித்தேன். "லேய், மின்சார லைட்டுல எப்படில இறக்கை கருகும்?"

"பெரிய லைட்டு அத்தான். ரொம்ப சூடா இருக்கும்."

நான் விஞ்ஞானி. சோதித்துப் பார்த்தேன். கல்லூரி மைதானத்து விளக்குக் கம்பத்தில் ஏணி வைத்து ஏறினேன். வாட்ச்மேன் நான் உயிரை விடப்போகிறேன் என்று பிரின்சிபாலுக்குச் சொல்லிவிட்டான். விளக்கு மூடியில் விழுந்து கிடந்த பூச்சிகளை அள்ளிக்கொண்டு இறங்கி வந்து பார்த்தேன். செத்திருந்தன, ஆனால் ஒன்றுகூடக் கருகவில்லை.

அப்போதுதான் எனக்குத் தீப்பெட்டி ஞாபகம் வந்தது.

எனக்கே என் புத்தியை நினைத்துப் புல்லரித்துப் போயிற்று, சார். இத்தனை வருஷம் இத்தனை காலித் தீப்பெட்டி. பீடி குடிக்காதவன். ஏன்? பூச்சியைத் தூரிகையால் தொட்டு எடுக்கச் சோம்பல் பட்டு, ஒரு குச்சியைக் கிழித்துச் சுட்டு விழவைத்திருக்கிறான். அதையும் சோதித்தேன். நம் ஊர்க் குளவி சிலவற்றைப் பிடித்து, தீக்குச்சி காட்டினேன். அச்சு அசலாக அதே கறுப்புக் கரை. வழக்கு முடிந்துவிட்டது.

முடிந்ததா? ஒரு சின்ன நெருடல் மட்டும் இருந்தது. நான் சுட்டவற்றில் காலும் வயிறும் சேர்ந்து கருகின. அவன் அனுப்பியதில் இறக்கையின் முன்விளிம்பும் கொம்பு நுனியும் மட்டும்தான். முன்பக்கம் மட்டும். அதைப் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். நன்றாக முற்றிய கோபத்தை ஒரு இறக்கை விளிம்புக்காக யார் விடுவார்கள்?

அவன் ஒரேயடியாக ஊர் திரும்பி வந்த அன்று, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். ஆனால் தீஞ்சான் என்று கூப்பிடப்பட்டது நான்தானே. "அக்கா முன்னால சொல்லு. ஏசி ரூம், இருபது பேரு, பெரிய லைட்டு, எல்லாம் இருக்கட்டும். பூச்சியத் தீக்குச்சியாலதான சுட்ட?"

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் கையில் பாயசக் கிண்ணத்தோடு நின்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "ஆமா அத்தான். சோம்பல்தான். மன்னிச்சிருங்க" என்றான்.

பேச்சியம்மாளுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. "இருவது பேர மேய்க்கிறவனுக்குப் பூச்சி பொறுக்க எங்க நேரம்?" என்றாள். அன்றிலிருந்து நான் அவனோடு நேராகப் பேசவில்லை. அடுத்த தெருவில்தான் அவன் வீடு. முன்பக்கம் ஜெராக்ஸ் கடை. எனக்கு ஏதாவது நகல் எடுக்க வேண்டுமென்றால் ஜங்ஷன் வரை போய் எடுத்து வருவேன்.

கோபத்தில் இருக்கிறவனுக்கு எதிராளி செய்வதெல்லாம் கண்ணில் படும். எனக்கும் பட்டது. ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுக்க வந்தவனைக் கால்மணி நேரம் உட்கார வைத்துப் பேசுவான். வந்தவன் நெளிந்தாலும் விட மாட்டான், டீ சொல்லுவான். வாயாடி என்று முடிவு செய்தேன். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டான், தனியாகத்தான் இருக்கிறான். ஆனால் வீட்டில் ஒரு அறை விடாமல் விடியும்வரை விளக்கு எரியும். "ஒத்தை ஆளுக்கு எதுக்குடா இத்தன லைட்டு, ஆப் பண்ணிட்டுப் படுக்கப்படாதா?" என்று பேச்சியம்மாள் கத்துவாள். கேட்க மாட்டான். வெளிநாட்டு ஜம்பம் என்று நான் வீட்டுக்குள் இருந்தபடி சொல்லுவேன். எவ்வளவு கூர்மையாகக் கவனித்திருக்கிறேன் பாருங்கள்.

போன வாரம் அவன் கண்ணைக் காட்ட இங்கே வந்தோம். "நீங்க கூட வந்தாத்தான் ஆச்சு, டாக்டர் சொல்லுதது எனக்கு என்ன புரியும்" என்று பேச்சியம்மாள் சொன்னதால் வந்தேன். அவன் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம், நடுவில் அவள்.

டாக்டர் சின்னப் பெண். அவன் மோவாயைக் கருவியில் வைக்கச் சொல்லிப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு டிவி. அதில் அவன் கண் பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது. அன்று எனக்குச் சொட்டு மருந்து விடவில்லை, தெளிவாகப் பார்த்தேன். மூக்கோரத்து வெள்ளையிலிருந்து முக்கோணமாக ஒரு சதை கிளம்பி, கருவிழி மேல் ஏறி நிற்கிறது. உள்ளே சிவப்பாக நரம்புகள் ஓடுகின்றன. இரண்டு கண்ணிலும்.

"பாருங்க, சின்ன றெக்கை மாதிரி இருக்கா?" என்றாள் டாக்டர். "சார் எங்க வேலை பார்த்தீங்க?"

"சவூதியில மேடம். ஏசி ரூம்ல."

டாக்டர் கருவியிலிருந்து முகத்தை எடுத்தாள். "ஏசி ரூம்ல இப்படி வராது சார். இவ்வளவு வளந்திருக்குன்னா வெட்டவெளியில இருந்திருக்கணும். வெயிலு, மணல் காத்து, வருஷக்கணக்கா. ஒதுங்க ஒரு நிழல் கூட இல்லாத ஆளுங்களுக்குத்தான் நான் இப்படிப் பார்த்திருக்கேன்."

"இல்ல டாக்டரம்மா" என்றாள் பேச்சியம்மாள். "என் தம்பி சூப்பர்வைசர். அவனுக்குக் கீழ இருவது பேரு."

டாக்டர் மறுபடியும் கருவிக்குள் குனிந்தாள். வைரவன் மோவாயைக் கருவியில் வைத்தபடியே இருந்தான். டிவியில் அந்தப் பெரிய கண் மெல்ல நகர்ந்தது. அக்கா நிற்கிற பக்கம் போகவில்லை, என் பக்கம் வந்து நின்றது.

ஒரு பெண், ஒரே ஒரு அடையாளத்தைப் பார்த்து, ஒரே நிமிஷத்தில் ஆள் எங்கே வாழ்ந்தவன் என்று சொல்லிவிட்டாள். அவள் எனக்கு மாணவியாக இருந்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். அவளுக்கு நான் மாணவனாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவில்லை.

"அது தூசி அலர்ஜி டாக்டர்" என்றேன் நான். "அவங்க கம்பெனி ஏசி அப்பப்ப ரிப்பேர் ஆகும். அப்ப வெளியில நிக்க வேண்டியிருக்கும்." ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. விஞ்ஞானப்படி சுத்த உளறல். டாக்டர் என்னைப் பார்த்தாள், பேச்சியம்மாளைப் பார்த்தாள், "இருக்கலாம்" என்று எழுத ஆரம்பித்தாள். நல்ல பெண்.

வீட்டுக்கு வந்து பழைய பெட்டியைத் திறந்தேன். ஒரே ஒரு தீப்பெட்டி மிச்சம் இருந்தது, ஊசி போட்டு வைக்க எடுத்து வைத்தது. அதை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் வழவழவென்று. கரண்ட் இல்லாத வெட்டவெளியில் விளக்கு ஏற்றப் பார்ப்பான், காற்றில் ஒரு குச்சி அணையும், இன்னொன்று கிழிப்பான், அதுவும் அணையும். மார்த்தா அம்மாள் திருப்பி அனுப்பிய கண்ணாடிச் சில்லையும் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். இறக்கையின் முன்விளிம்பு. கொம்பின் நுனி. யாரும் சுட்டதில்லை சார் அது. அது தானாகப் பறந்து போய் மோதியது. சுற்றி எத்தனையோ மைலுக்கு அந்த ஒரு சுடர்தான் எரிந்திருக்கும், அதனால் வந்திருக்கிறது. சுடருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான், யாராவது வந்து உட்காரட்டும் என்று.

இதுவும் நான் கட்டுகிற கொள்கையாக இருக்கலாம். என் கொள்கைகளின் லட்சணம்தான் உங்களுக்குத் தெரியுமே. அதனால்தான் முதலிலேயே சொன்னேன், நானே முழுசாக நம்பவில்லை என்று.

"எதுக்கு அந்தத் தீப்பெட்டிய முறைச்சிக்கிட்டு இருக்கிய?" என்று பேச்சியம்மாள் கேட்டாள்.

"சும்மாதான். உன் தம்பிகிட்ட ஒண்ணு கேக்கணும்."

"பழசக் கிளறாதிய. பாவம், ஆபரேஷன் வேற வச்சிருக்கு. இருவது பேரு கைகட்டி நின்ன பிள்ளை, இன்னைக்கு ஒத்தையில கெடக்கு."

சுவரில் அந்தச் சட்டம் இன்னும் தொங்குகிறது. செல்லாத பெயர் என்று அவளுக்கு நான் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். "செல்லாட்டா என்ன, அழிக்க முடியாதுன்னு நீங்கதான சொன்னிய" என்று தூசி தட்டித் திரும்ப மாட்டிவிடுவாள்.

இன்று காலையில் அவனை ஆபரேஷனுக்குக் கூப்பிடுவதற்கு முன்னால், இதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அவன். பேச்சியம்மாள் மருந்துக் கவுண்டரில் வரிசையில் நின்றாள். நடுவில் ஆள் இல்லாததால் இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவனுக்குச் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள், எனக்கு அப்போது விடவில்லை. மேலே எரிகிற டியூப் லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"லைட்ட சுத்தி வட்டம் வட்டமாத் தெரியுது அத்தான்" என்றான். இத்தனை வருஷத்தில் என்னிடம் அவன் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"மருந்து விட்டா அப்படித்தான் தெரியும். ரொம்பப் பாக்காத."

"ஆபரேஷன் முடிஞ்சா கண்ணக் கட்டிருவாகளோ? ரெண்டையும் சேத்தா?"

"ஒண்ணுதான். இன்னொண்ணு அடுத்த மாசம்."

"அப்ப சரி" என்றான். மறுபடியும் டியூப் லைட்டைப் பார்த்து, "ரெண்டையும் கட்டிட்டா இருட்டாப் போயிரும்லா" என்றான்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த நேரத்திலும் என் நாக்கு நுனிக்கு முதலில் வந்த கேள்வி என்ன தெரியுமா? அரிக்கேன் விளக்கா, கண்ணாடிச் சிம்னி இல்லாத விளக்கா என்பதுதான். சிம்னி இருந்தால் பூச்சி மேலேயிருந்து இறங்கியிருக்க வேண்டும், கருகின இடத்துக்கு அது ஒத்துவராது. ஒரு திருத்தக் குறிப்பு எழுதலாம். மார்த்தா அம்மாளுக்கு அனுப்பலாம். என்னை மாதிரி ஒரு ஜென்மம் உண்டா?

அதை விழுங்கினேன். பேச்சியம்மாள் கவுண்டரிலிருந்து திரும்பிப் பார்த்தாள். நாங்கள் பேசுகிறோம் என்று கண்டுபிடித்துவிட்டாள். வரிசையை விட்டு வரலாமா வேண்டாமா என்று தவிப்பது எனக்குத் தெரிந்தது. நான் அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். ஏசி ரூமைப் பற்றிக் கேட்கவில்லை. இருபது பேரைப் பற்றிக் கேட்கவில்லை. பொய்யா நிஜமா என்றும் கேட்கவில்லை. அது எல்லாம் அவனும் அவன் அக்காவும் வைத்துக்கொள்ளட்டும்.

உள்ளேயிருந்து நர்ஸ் "வைரவன் யாரு?" என்று கூப்பிட்டாள். அவன் எழுந்திருக்கத் தடுமாறினான், முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். கதவு வரைக்கும் கூடவே போனேன். அங்கே வைத்து, பேச்சியம்மாளுக்குக் கேட்காத மாதிரி, மெல்லக் கேட்டேன்:

"வைரவா, அங்க மண்ணெண்ணெய் தீந்துபோற அன்னைக்கு என்னல செய்வ?"